பட்டா நிலத்தில் வேட்டை: நிலவுடைமையாளரின் அனுமதி எதைத் தரும், எதைத் தராது?

அறுவடை முடிந்த வயலில் எலி பிடிக்கச் செல்லும் இருளர் குடும்பம் முதலில் நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கிறது. அவர் சரி என்றதும் வரப்பை வெட்டத் தொடங்குகிறது. இந்த அனுமதிக்கு எழுத்தில்லை, சாட்சியில்லை. எந்த வயல், எத்தனை நாள், எந்த உயிரினம் என்ற வரையறையும் இல்லை. வேலை முடிந்து எல்லாம் நலமாகப் போனால் அந்த வார்த்தை யாருக்கும் நினைவிருப்பதில்லை. காவல்துறையோ வனத்துறையோ வந்து நின்றால் மட்டும், "நான் எப்போது சொன்னேன்?" என்ற கேள்வி எழுகிறது.

தனியார் நிலத்தில் வேட்டையாட நிலவுடைமையாளரின் அனுமதி போதுமா என்பது களப்பணியாளர்களும் சட்ட மாணவர்களும் நம்மிடம் அடிக்கடி எழுப்பும் கேள்வி. நம் விடை இதுதான்: நிலவுடைமையாளரின் அனுமதி நிலத்துக்குள் நுழைவதற்கான இசைவு மட்டுமே. விலங்கின் மீது அது எந்த உரிமையையும் தருவதில்லை. ஆனால் நம் ஊர்களில் அந்த அனுமதியின் பலன், பயிரைக் காத்துக்கொண்ட நிலத்துக்காரருக்குச் சேர்கிறது. அதன் ஆபத்து, கண்ணியும் கடப்பாரையும் ஏந்திய நிலமற்றவர் மேல் விழுகிறது. இந்த ஏற்றத்தாழ்வு எப்படி உருவானது, இன்றைய சட்டம் என்ன சொல்கிறது, வழக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

விலங்கு யாருடையது?

காட்டில் திரியும் விலங்குக்கு உரிமையாளர் இல்லை, பிடித்தவருக்கே அது சொந்தம் என்பது ரோமானியச் சட்டத்தின் பழைய விதி. ஐரோப்பாவின் நிலப்பிரபுக்கள் இந்த விதியை நிலவுடைமைக்கு ஏற்ப வளைத்தனர். இங்கிலாந்தில் 1671ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம், ஆண்டுக்கு 100 பவுண்டு வருவாய் தரும் சொந்த நிலமோ அதற்கு இணையான தகுதியோ இல்லாதவர் வேட்டை விலங்குகளைப் பிடிக்கக் கூடாது என்றது. சிறு விவசாயி தன் சொந்த வயலில் ஓடும் முயலைப் பிடித்தாலும் குற்றம். 1723இல் வந்த 'பிளாக் ஆக்ட்' சட்டம், முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு வேட்டைப் பூங்காக்களில் நுழைவோருக்கு மரண தண்டனை வரை விதித்தது. சொத்துத் தகுதி 1831இல்தான் நீக்கப்பட்டது. அதன் இடத்தில் இரண்டு தேவைகள் வந்தன: அரசின் சான்றிதழ், நிலத்தின் மீது உரிமையுள்ளவரின் அனுமதி. குத்தகை விவசாயி தன் பயிரைத் தின்னும் முயலை நிலக்கிழாரிடம் கேட்காமலே கொல்லலாம் என்ற உரிமை 1880இல்தான் கிடைத்தது.

அமெரிக்காவில் குடியேறிய ஐரோப்பியர்கள் இந்த நிலக்கிழார் ஏற்பாட்டை விரும்பவில்லை. 1776ஆம் ஆண்டின் பென்சில்வேனிய அரசமைப்பு, வேலியிடப்படாத பிறர் நிலங்களிலும் உரிய பருவத்தில் வேட்டையாடும் சுதந்திரத்தைக் குடிமக்களுக்கு அளித்தது. வெர்மான்ட் மாநில அரசமைப்பில் அத்தகைய பிரிவு இன்றும் உள்ளது. 1818இல் தென் கரோலினா நீதிமன்றம், வேலியிடாத, பயிரிடாத நிலத்தில் வேட்டையாடுவதை நில உரிமையாளர் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அந்தச் சுதந்திரம் வெள்ளையருக்கானது. பழங்குடிகளிடமிருந்து பறித்த மண்ணில், அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களைச் சேர்க்காமல் எழுதப்பட்டது.

அனுமதி உழைப்பைக் கட்டிய கதை

அடிமை முறை 1865இல் ஒழிக்கப்பட்டபின் அதே தென் மாநிலங்களில் நிகழ்ந்தது நமக்குப் பாடம். விடுதலை பெற்ற கறுப்பின மக்களிடம் நிலம் இல்லை. ஆனால் ஆற்றில் மீனும் வேலியிடாத காட்டில் முயலும் இருந்தன. அவற்றைக் கொண்டு ஒரு குடும்பம் சில வாரங்களாவது பிழைக்க முடியும் என்றால், தோட்ட முதலாளி சொல்லும் கூலிக்கு உடனே தலையாட்டத் தேவையில்லை. முதலாளிகளைக் கலங்க வைத்தது இதுதான்.

'பிளாக் கோட்ஸ்' எனப்பட்ட சட்டங்கள் இந்த வழியை அடைக்கவும் எழுந்தன. மிசிசிப்பி 1865இல், உரிமம் பெறாத விடுதலையடைந்த கறுப்பினத்தவர் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடைசெய்தது. ஜார்ஜியா 1866இல், கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த மாவட்டங்களில் ஞாயிற்றுக்கிழமை வேட்டையைத் தடுத்தது. தோட்டத் தொழிலாளிக்கு ஓய்வு கிடைத்த ஒரே நாள் ஞாயிறு. வேலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தனியார் நிலத்திலிருந்து பழமும் மரமும் எடுப்பதும் அங்கே குற்றமாயிற்று. அடுத்த பல பத்தாண்டுகளில் அத்துமீறல் சட்டங்களும் வேலிச் சட்டங்களும் மாவட்டம் மாவட்டமாக வந்தன. யாருடைய நிலத்திலும் வேட்டையாடலாம் என்ற பழைய வழக்கம், நிலத்துக்காரர் அனுமதித்தால் மட்டுமே என்று மாறியது. வெள்ளையர் அனுபவிக்கும்வரை பொது உரிமையாக இருந்தது, கறுப்பினத்தவர் கைக்கு வந்ததும் தனியார் சொத்தின் மீதான அத்துமீறலாயிற்று.

இன்றைய அமெரிக்க மாநிலங்களில் ஏறத்தாழப் பாதியில், தடை அறிவிப்பு இல்லாத நிலத்தில் வேட்டைக்காரர் நுழையலாம். மீதியில் முன்னனுமதி கட்டாயம். டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் மரங்களில் ஊதா நிறம் பூசினாலே நுழைவுத் தடை. இன்று இவை வெறும் நிர்வாக விதிகளாகத் தெரிகின்றன. அனுமதி என்ற ஏற்பாடு நிலமற்றவரின் உழைப்பை நிலமுள்ளவரிடம் கட்டிப்போடும் கயிறாகவும் பயன்பட்டது என்பதைத்தான் அவற்றின் பின்னுள்ள வரலாறு காட்டுகிறது. நம் நாட்டில் இந்தக் கயிற்றுக்கு ஒரு சட்டம் தேவைப்படவில்லை. சாதியே அந்த வேலையைச் செய்தது.

இந்தியச் சட்டம்: 1972, 1991, 2022

காலனிய ஆட்சி இங்கே வேட்டையை இரண்டாகப் பிரித்தது. துரைமாரும் ஜமீன்தார்களும் ஆடியது விளையாட்டு. பழங்குடியும் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவரும் உணவுக்காகப் பிடித்தது திருட்டு வேட்டை. சென்னை மாகாணத்தின் 1879ஆம் ஆண்டு நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பிரிவினையின் ஆரம்பகாலச் சான்று.

விடுதலைக்குப் பின் வந்த 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், முதலில் உரிமம் பெற்ற வேட்டையை அனுமதித்தது. அந்தக் கட்டத்தில் நிலவுடைமையாளரின் அனுமதிக்குச் சட்டத்தில் தனி இடம் இருந்தது. அரசுக்குச் சொந்தமில்லாத நிலத்தில், உரிமையாளர், அவரது முகவர் அல்லது சட்டப்படி நிலத்தை அனுபவிப்பவர் ஆகியோரின் இசைவின்றி வேட்டையாடக் கூடாது என்று பழைய 17ஆம் பிரிவு கூறியது. குத்தகைதாரரும் இசைவு தர முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1991ஆம் ஆண்டுத் திருத்தம் உரிம வேட்டையை முற்றாக ஒழித்தது. 17ஆம் பிரிவும் நீங்கியது. இன்று 9ஆம் பிரிவின்படி, 11, 12 ஆகிய பிரிவுகளில் சொல்லப்பட்ட விதிவிலக்குகள் தவிர, அட்டவணையில் உள்ள எந்த வன உயிரினத்தையும் எவரும் வேட்டையாடக் கூடாது. காப்புக்காடு, புறம்போக்கு, பட்டா என்ற வேறுபாடு அந்தப் பிரிவில் இல்லை. நிலத்துக்காரர் அனுமதித்தார் என்பது விதிவிலக்காகவும் சொல்லப்படவில்லை. ஆகவே தன் சொந்தப் பட்டா நிலத்தில் முயலுக்குக் கண்ணி வைக்கும் நிலவுடைமையாளரும் குற்றவாளிதான். தன்னிடம் இல்லாத உரிமையை அவர் பிறருக்கு வழங்க முடியாது.

மூன்று விவரங்களை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, வேட்டை என்ற சொல்லின் பொருள் மிக அகலமானது. 2(16)ஆம் பிரிவின்படி கொல்வது மட்டும் வேட்டை ஆகாது. நஞ்சிடுதல், பிடித்தல், கண்ணி வைத்தல், விரட்டுதல், இரை வைத்து ஈர்த்தல், பறவை மற்றும் ஊர்வனவற்றின் முட்டைகளையோ கூடுகளையோ கலைத்தல், இவற்றுக்கான முயற்சி ஆகிய அனைத்தும் வேட்டைதான்.

இரண்டாவது, 39ஆம் பிரிவின்படி, சட்டத்துக்கு மாறாக வேட்டையாடப்பட்ட விலங்கு அரசின் சொத்து. நிலத்துக்காரருக்கும் அதில் பங்கில்லை, பிடித்தவருக்கும் இல்லை.

மூன்றாவது, 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அட்டவணைகளை மாற்றியமைத்தது. எலி, சுண்டெலி, காகம், பழந்தின்னி வௌவால் ஆகியவற்றைத் தீங்குயிர்கள் என வகைப்படுத்திய பழைய ஐந்தாம் அட்டவணை இப்போது இல்லை. எனவே பழைய நூல்களையும் பழைய தீர்ப்புகளையும் மட்டும் நம்பி ஆலோசனை சொல்லக் கூடாது. ஒவ்வோர் உயிரினத்தின் பெயரையும் தற்போதைய அட்டவணையோடு ஒப்பிட்ட பிறகே விடை சொல்ல வேண்டும். உடும்பும் மயிலும் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. காட்டுப்பன்றியும் முயலும் இரண்டாம் அட்டவணையில் வருகின்றன. அவற்றுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அனுமதி எதைத் தருகிறது?

அப்படியென்றால் நிலத்துக்காரரின் அனுமதிக்குச் சட்ட மதிப்பே இல்லையா? உண்டு. அது நுழைவு தொடர்பான மதிப்பு.

1882ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மென்ட் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதனை லைசென்ஸ் என்கிறது. அனுமதியின்றிச் செய்தால் சட்டவிரோதமாகும் ஒரு செயலை, மற்றொருவரின் நிலத்தில் செய்வதற்கான இசைவு என்பது அதன் பொருள். 54ஆம் பிரிவின்படி இந்த இசைவு வெளிப்படையாகவும் இருக்கலாம், நடத்தையிலிருந்து பெறப்படுவதாகவும் இருக்கலாம். எழுத்தில் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆண்டுதோறும் அறுவடைக்குப் பின் எலி பிடிக்க வருபவர்களை நிலத்துக்காரர் தடுக்காமல் இருந்து வந்தால், அந்த நடத்தையே இசைவுக்குச் சான்றாகலாம்.

இந்த இசைவின் பலவீனம் 60ஆம் பிரிவில் இருக்கிறது. பொதுவாக, கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம். அப்போதும் 63ஆம் பிரிவின்படி, உள்ளே இருப்பவர் வெளியேறவும் தன் பொருள்களை எடுத்துச்செல்லவும் நியாயமான கால அவகாசம் பெற உரியவர். அனுமதியை ரத்து செய்த அடுத்த நிமிடமே கருவிகளைப் பறிப்பதோ கட்டி வைப்பதோ சட்டப்படியான செயல்கள் அல்ல.

குற்றவியல் சட்டத்திலும் இதற்குப் பயனுண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு குற்றமுறு அத்துமீறலை வரையறுக்கிறது. பிறர் நிலத்தில் நுழைவது மட்டும் அந்தக் குற்றமாகிவிடாது. ஒரு குற்றம் புரியும், அல்லது நிலத்தை வைத்திருப்பவரை மிரட்டும், அவமதிக்கும், தொல்லைப்படுத்தும் நோக்கம் இருக்க வேண்டும். அனுமதியோடோ, வழக்கமான அனுமதி இருப்பதாக நேர்மையாக நம்பியோ நுழைந்தவரிடம் அந்த நோக்கம் இல்லை என்று வாதிட வலுவான இடமுண்டு.

வளைக்குள் இருக்கும் நெல்

அனுமதியின் எல்லை மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம் எலி வளை. வயல் எலிகள் நெற்கதிர்களைக் கடித்துச் சென்று வளைக்குள் சேமிக்கின்றன. எலி பிடிப்பவர்கள் வளையின் வாய்களை அடைத்து, ஓட்டைப் பானையில் வைக்கோலைப் புகையவிட்டு, வாயால் ஊதி உள்ளே செலுத்துகிறார்கள். கண்ணும் நுரையீரலும் கெடும் வேலை அது. எலியோடு வளையில் கிடைக்கும் நெல்லும் வெட்டியவருக்கு என்பது பல ஊர்களின் வழக்கம். பல குடும்பங்களுக்கு அந்த நெல்தான் உண்மையான கூலி.

சட்டப்படி பார்த்தால் எலியும் நெல்லும் ஒன்றல்ல. யாருடைய பிடியிலும் இல்லாமல் திரியும் எலி திருட்டுக்குரிய பொருளாகாது. ஒருவர் கைவசம் உள்ள அசையும் பொருளை, அவரது இசைவின்றி, நேர்மையற்ற நோக்கத்தோடு நகர்த்துவதே திருட்டு. வளைக்குள் போய்விட்டாலும் நெல் நிலத்துக்காரரின் விளைச்சல்தான். ஆகவே எலிக்குக் கிடைத்த அனுமதி நெல்லுக்கும் சேர்த்துத்தானா என்ற கேள்வியில் ஒரு குடும்பத்தின் விடுதலையே தங்கியிருக்கலாம். உறவு சுமுகமாக இருக்கும்வரை யாரும் நெல்லை எடைபோடுவதில்லை. கூலி கேட்டு, வாக்களிப்பில், கோயில் வழியில் ஒரு முரண்பாடு தோன்றியதும், அதுவரை வழக்கமாக இருந்தது திருட்டாக மாறிவிடும் ஆபத்து இருக்கிறது.

இங்கே எதிர்வாதத்துக்கு இரண்டு தூண்கள் உள்ளன. ஒன்று, ஊர் வழக்கம்: பிற நிலங்களிலும் நெல் வெட்டியவருக்கே விடப்படுகிறது என்பதை அக்கம்பக்க விவசாயிகளின் சாட்சியத்தால் நிறுவலாம். மற்றொன்று, நேர்மையான உரிமை நம்பிக்கை: தனக்கு உரியது என்று உண்மையாக நம்பி எடுத்தவரிடம் நேர்மையற்ற நோக்கம் இல்லை என்பது குற்றவியல் சட்டத்தில் நிலைபெற்ற கொள்கை. தண்டனை என்று வந்தாலும், 5,000 ரூபாய்க்குக் குறைவான மதிப்புடைய பொருளை முதன்முறையாகத் திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்தாலோ அதன் மதிப்பை ஈடுசெய்தாலோ, சமூக சேவையே தண்டனை என்று 303(2)ஆம் பிரிவு கூறுகிறது. சிறு அளவு நெல்லுக்காகச் சிறையில் அடைக்க முனையும் எந்த முயற்சியையும் இதைக் கொண்டு எதிர்க்க வேண்டும்.

பீகாரில் முசகர் என்ற பட்டியல் சாதியின் பெயரே எலியோடு பிணைக்கப்பட்டுள்ளது. நிலமற்றவர் நிலமுள்ளவரின் வளையிலிருந்து உணவெடுத்த வரலாறு ஒரு சாதிப் பெயராக உறைந்திருக்கிறது. எலி பிடிப்பது இழிவான தொழில் என்று அவர்கள் மேல் சுமத்தப்பட்ட பார்வை, பயிர்ப் பாதுகாப்பு என்ற அதன் உழைப்பு மதிப்பை மறைத்துவிட்டது.

காட்டுப்பன்றி: கேட்பவர் ஒருவர், மாட்டுபவர் ஒருவர்

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றி விவசாயிகளின் உண்மையான துயரம். அதை நாம் மறுக்கவில்லை. சட்டத்திலும் வழியிருக்கிறது. இரண்டாம் அட்டவணை விலங்கு ஒன்று மனித உயிருக்கோ, பயிர் உள்ளிட்ட சொத்துக்கோ ஆபத்தாகிவிட்டால், அதை வேட்டையாடத் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவரால் அதிகாரமளிக்கப்பட்ட அலுவலரோ 11(1)(ஆ) பிரிவின்படி, காரணங்களைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் ஆணையிடலாம். கேரளம் 2022இல் காட்டுப்பன்றி தொடர்பான இந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் கொண்டு சென்றது. வெடி, நஞ்சு, மின்சாரம் கூடாது என்ற நிபந்தனையும் விதித்தது. தமிழ்நாடு 2025இல் அறிவித்த ஏற்பாட்டில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையின் பயிற்சி பெற்ற பணியாளர்களே சுட வேண்டும்.

எனவே காட்டுப்பன்றியைப் பொறுத்தவரை தேவைப்படும் அனுமதி, அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்து ஆணை. அதைப் பெறும் பொறுப்பு பயிரின் உடைமையாளருக்கு உரியது. நடப்பதோ வேறு. நிலத்துக்காரர் அலுவலகம் போவதில்லை. காலனியிலிருந்து ஒருவரை அழைத்து, சுருக்கு வைக்கவும் அவுட்டுக்காய் வைக்கவும் சொல்கிறார். கறி பாதிப்பாதி என்பது பேச்சு. வனத்துறை வந்தால் கையில் கறியோடு நிற்பவர் ஒருவர்தான். சட்டவிரோதமாகச் செலுத்தப்பட்ட மின்வேலியிலும் வெடிக்கும் காயிலும் முதலில் கையிழப்பதும் உயிரிழப்பதும் அவரே.

இங்கே இரண்டு பிரிவுகளைச் சேர்த்து வாசிக்க வேண்டும். 57ஆம் பிரிவின்படி, இறைச்சியோ விலங்கோ ஒருவர் வசம் இருந்தது நிறுவப்பட்டால், அது சட்டவிரோதமானது என்று நீதிமன்றம் அனுமானிக்கும். அதை மறுத்து நிறுவும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவருடையது. ஏழைக்கு எதிராக இயங்கும் பிரிவு இது. மறுபுறம், 52ஆம் பிரிவின்படி, குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவரும் அக்குற்றத்தைச் செய்தவராகவே கருதப்படுவார். வேட்டைக்கு ஏவிய நிலத்துக்காரர் அனுமதி கொடுத்த அந்நியர் அல்லர். தூண்டியவர் என்ற முறையில் அதே குற்றத்துக்கு ஆளாகிறார். முதல் பிரிவு அன்றாடம் பயன்படுகிறது. இரண்டாவது பிரிவை யாரும் திறப்பதில்லை. வழக்குரைஞர்கள் முதல் நாளிலேயே அதைத் திறக்க வேண்டும்.

மேலும், விருப்பமில்லாதவரை மிரட்டியோ, முன்பணக் கடனைக் காட்டியோ இந்த வேலைக்கு அனுப்பினால், 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டமும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(h) பிரிவும் பொருந்துமா என்று பரிசீலிக்க வேண்டும்.

பாம்பு காட்டிய மாற்று வழி

அரசு விரும்பினால் வேறுவகை ஏற்பாடு இயலும் என்பதற்குச் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் சான்று உண்டு. பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டதால் வாழ்வாதாரம் இழந்த இருளர்களைக் கொண்டு 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. உயிர்காக்கும் மருந்துக்காகப் பாம்பு நஞ்சு எடுக்க 12ஆம் பிரிவு இடமளிக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் இத்தனை என்று எண்ணிக்கை குறித்து வனத்துறை அனுமதிக்கிறது. நஞ்செடுத்த பிறகு பாம்புகள் மீண்டும் விடப்படுகின்றன. பாம்பு பிடிப்பதில் தேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவர் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

இவர்களும் பிறர் வயல்களில்தான் பாம்பு தேடுகிறார்கள். ஆனால் கையில் அரசின் ஆணை இருக்கிறது, பின்னால் ஒரு சங்கம் இருக்கிறது, வேலைக்கு விலை இருக்கிறது. நிலத்துக்காரரிடம் கேட்பது நுழைவுக்கான மரியாதையாக மட்டும் நின்றுவிடுகிறது. அதே திறமை எலி பிடிப்பதில் பயன்படும்போது ஏன் ஒரு வாய்மொழி தயவாகச் சுருங்க வேண்டும்? உள்ளாட்சியோ வேளாண்மைத் துறையோ ஒப்பந்தம் செய்து, நாள் கூலியும் பாதுகாப்புக் கருவியும் தந்து இந்தப் பணியைச் செய்விக்க எந்தச் சட்டமும் தடையில்லை.

நிலத்தில் இறங்கும் முன்

களப்பணியாளர்கள் குடும்பங்களோடு பேசும்போது வலியுறுத்த வேண்டியவை:

1. எந்த உயிரினம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அட்டவணையில் உள்ளதானால் நிலத்துக்காரரின் எந்த அனுமதியும் காப்பாற்றாது.

2. அனுமதி வாய்மொழியாக இருந்தால், சங்கப் பொறுப்பாளர் போன்ற மூன்றாம் நபர் ஒருவர் முன்னிலையில் கேளுங்கள். கைபேசியில் ஒரு குறுஞ்செய்தியோ குரல் பதிவோ போதுமான சான்றாக உதவும்.

3. எந்தச் சர்வே எண், எத்தனை நாள், வளையில் கிடைக்கும் நெல் யாருக்கு, கூலி எவ்வளவு ஆகியவற்றைப் பேசித் தெளிவாக்குங்கள்.

4. நிலம் குத்தகையில் இருந்தால் குத்தகைதாரரின் இசைவையும் பெறுங்கள். நிலம் அவர் கைவசம் இருக்கிறது.

5. காட்டுப்பன்றிக்காக யார் அழைத்தாலும் எழுத்து ஆணையின் நகலைக் கேளுங்கள். நகல் இல்லையென்றால் போகாதீர்கள். அவுட்டுக்காய்க்கு வெடிபொருள் சட்டமும், உரிமமற்ற துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டமும் தனியே பாயும்.

வழக்கு வந்தால்

கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற அரசமைப்பின் 22(2)ஆம் கூறு வனத்துறையையும் கட்டுப்படுத்தும். கைதுக்கான காரணத்தைச் சொல்வதும், உறவினருக்குத் தகவல் தருவதும் கட்டாயம்.

மிக முக்கியமானது வாக்குமூலம். காவல் அலுவலரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்க முடியாது. வன அலுவலர் காவல் அலுவலர் ஆகார் என்று நீதிமன்றங்கள் பல வழக்குகளில் கூறியுள்ளதால், அந்தப் பாதுகாப்பு வனச்சரக அலுவலகத்தில் கிடைப்பதில்லை. எழுதப்படாத தாளிலோ, வாசித்துக் காட்டப்படாத தாளிலோ கைரேகை வைக்க வேண்டாம் என்பதை ஒவ்வொரு குடியிருப்பிலும் சொல்லி வைக்க வேண்டும். வற்புறுத்திப் பெறப்பட்டிருந்தால், முதன்முறை நடுவர் முன் நிறுத்தப்படும்போதே அதைச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும்.

பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள் என்று 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு உறுதி செய்கிறது. உதவி எண் 15100.

நிலத்துக்காரர் தானே அழைத்துவிட்டுப் பின்னர் பொய்ப்புகார் கொடுத்திருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(p), 3(1)(q) பிரிவுகளைப் பயன்படுத்தலாம். முதலாவது, பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினருக்கு எதிரான பொய்யான, தீயநோக்கமுள்ள வழக்கைக் குறிக்கிறது. இரண்டாவது, அவர்களுக்கு எதிராக அதிகாரத்தைப் பயன்படுத்த வைக்கும் நோக்கில் பொது ஊழியரிடம் தரும் பொய்த்தகவலைக் குறிக்கிறது. புகார் கொடுத்ததால் ஊரில் வேலை மறுக்கப்பட்டால், சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைத் தண்டிக்கும் 3(1)(zc) பிரிவு இருக்கிறது. வன்கொடுமைகளைப் புகார் செய்ய 14566 என்ற தேசிய உதவி எண்ணும் உண்டு.

அனுமதிக்கு அப்பால்

அனுமதி கேட்பவர் ஏன் எப்போதும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்? செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 முதல் ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் சுமார் 12 இலட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அவற்றில் பெரும்பகுதி கைமாறிப் போனது. அந்த நிலங்கள் உரியவர்களிடம் இருந்திருந்தால், இன்று கேட்கும் பல கைகள் கொடுக்கும் கைகளாக இருந்திருக்கும். பஞ்சமி நில மீட்பும் இந்தக் கட்டுரையின் பொருளும் அதனால் ஒரே கோரிக்கையின் இரு முகங்கள்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பழங்குடியினரின் மரபுரிமைகளை 3(1)ஆம் பிரிவில் அடுக்கியபோது, வேட்டையாடும் மரபுரிமையைப் பெயர் சொல்லி விலக்கியது. ஆனால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினருக்கு உள்ள வேட்டை உரிமைகளைத் தொடாமல் விட்டுவைத்தது. மரபு வாழ்வையும் பாதுகாப்பையும் ஒருசேர எண்ணிச் சட்டமியற்ற நாடாளுமன்றத்துக்குத் தெரியும் என்பதற்கு அந்தப் பிரிவே சாட்சி.

அழியும் உயிரினங்களை வேட்டையாடும் உரிமையை நாம் கேட்கவில்லை. மூன்று மாற்றங்களைக் கேட்கிறோம். வயல் எலி பிடித்தல் பயிர்ப் பாதுகாப்புத் தொழிலாக ஏற்கப்பட்டு, அதற்குக் கூலியும் கருவியும் நிர்ணயிக்கப்பட வேண்டும். வளை நெல் மீதான வழக்காற்றுப் பங்கு எழுத்தில் வர வேண்டும். பயிர் காக்க நடக்கும் சட்டவிரோத வேட்டையில், கண்ணி வைத்தவரோடு கண்ணி வைக்கச் சொன்னவரும் 52ஆம் பிரிவின் கீழ் விசாரிக்கப்பட வேண்டும். முதல் இரண்டுக்கும் அரசின் ஆணை தேவை. மூன்றாவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அடுத்த வழக்கின் முதல் மனுவிலேயே அதை நாம் தொடங்கலாம்.